சிசேரியனுக்குப் பிறகு நாங்கள் அலைந்தது ஒரு தாளுக்காக

என் தங்கையின் முதல் பிரசவம் சிசேரியனில் முடிந்தது. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், சிறிது நேரத்தில் குழந்தை அழுத சத்தம் கேட்டது, தாயும் பிள்ளையும் நலம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

வார்டுக்கு வந்து நடுக்கம்கூட முழுசாக அடங்கவில்லை. (முதுகு ஊசிக்குப் பிறகு இந்த நடுக்கம் பலருக்கும் வரும், தானே அடங்கிவிடும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நாங்கள் பயந்துபோனோம்.) பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நார்மலாவே ஆகியிருக்குமே" என்றார். இரவு முழுக்க வலியில் துடித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "எதனால் ஆபரேஷன் என்று அவளிடம் கேட்காதீர்கள்" என்று சொல்லித்தான் உள்ளே விட்டேன். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

டியூட்டி மாறும் நேரத்தில் வலி மாத்திரை விட்டுப்போனது. போய்க் கேட்டால், "சிசேரியன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று பதில். கூட இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். வலியோடு இருப்பவளால் எழுந்து நடக்க முடியாது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க அந்த நடைதான் முக்கியம். இருமல் வந்தால் தையல் மேல் தலையணையை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டர் ஒருவர்தான் தெய்வம் மாதிரி உதவினார். பால் கொடுப்பதற்காக, குழந்தையின் கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கவைத்தார். தையலில் உதை படவில்லை, குழந்தையும் மார்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அன்றுதான் என் தங்கை முதல்முறையாகச் சிரித்தாள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனுக்கான காரணம் என்று ஒரே வரி: "பிரசவம் முன்னேறவில்லை". அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தான் சரியாக முயற்சி செய்யவில்லை என்றே அவளுக்கு அது பட்டது. ஆபரேஷன் குறிப்பையும் பிரசவ வலியின்போது எழுதிய பதிவையும் வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

ரெக்கார்ட் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "குழந்தை நல்லா இருக்குல்ல? அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்றார். நோயாளியின் கையெழுத்துடன் கடிதம் வேண்டும் என்பதை, நான் வெகுநேரம் நின்ற பிறகுதான் சொன்னார். அந்தப் பயணம் வீண். கடிதத்தோடு போனால், டாக்டர் கையெழுத்துக்காக ஃபைல் வேறெங்கோ போயிருந்தது. விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் நகல் கைக்கு வந்தது.

அதில் எல்லாம் இருந்தது. பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டிய கர்ப்பவாய் ஆறிலேயே பல மணி நேரம் நின்றிருக்கிறது. குழந்தையின் தலை இறங்கியிருந்தாலும் முகம் மேல்பக்கம் பார்த்து இருந்திருக்கிறது. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய இதயத்துடிப்பு, ஒவ்வொரு வலிக்குப் பின்னும் எண்பதுகளுக்கு இறங்கி, மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. என் தங்கை அந்த எண்கள் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "அப்போ நான் பொறுத்திருந்தா இவனுக்குத்தான் ஆபத்து, இல்லக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கேள்வி கேட்ட உறவுக்காரரிடம் அடுத்த முறை அவளே நிதானமாக விளக்கினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

தேவையில்லாத சிசேரியன்கள் நடக்கின்றன என்பது உண்மைதான். அதைக் கேட்க வேண்டிய இடம் மருத்துவமனை, படுத்திருப்பவளின் கட்டில் இல்லை. இத்தனை சதவீதம் என்ற இலக்கைத் துரத்துவதைவிட, தேவைப்படும் பெண்ணுக்கு அது கிடைக்கச் செய்வதுதான் முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. வெளியே தெரியும் தழும்பை வைத்து, உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வது பலருக்குச் சாத்தியம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து அதிகம் என்பதால் பொதுவாக அனுமதிப்பதில்லை. அந்த விவரமும் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். எனவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, வார்டிலேயே, அவள் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து நகலை வாங்கிவிடுங்கள். ஃபைல் வார்டை விட்டுப் போய்விட்டால் அலைச்சல்தான்.