சருகு

நம் அறிவியல் வாத்தியார் போய்விட்டாராம். நாம் படித்த ரங்கூனிலிருந்து செய்தி வந்ததும் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் என் மானம் போன கதைதான் முதலில் வருகிறது.

இலை ஒட்டும் ஏடு நினைவிருக்கிறதா? பத்து இலை, ஒன்று குறைந்தாலும் பெஞ்சு மேல். ஒன்பதோடு விழித்த நான், வேலியோரம் கண்ட சருகு ஒன்றைச் சிகரெட் டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். நடு நரம்பு, பூசணப் புள்ளி, எல்லாம் இருந்தது. பசை தடவி அழுத்தப்போனேன், சருகு துடித்து எழுந்தது. பழுப்புச் சிறகுக்கு அடியில் பளீரென்று ஆரஞ்சுச் சிறகு, அதில் காற்புள்ளி போல் ஒரு கறுப்பு வளைவு. வகுப்பே அலறியது. அன்று முதல் என் பெயர் சருகு. உங்களில் சிலர் இன்னும் விடவில்லை.

“குருவி ஏமாறத்தான் தம்பி அதற்கு அந்த வேஷம். நீ ஏன் ஏமாந்தாய்?” என்றார் வாத்தியார்.

தண்டனையாக அதன் புழுவை வளர்க்கச் சொன்னார். ரங்கூன் கம்பைக் கோயில் பக்கம் அலைந்து, சீந்தில் கொடியில் ஒன்றைப் பிடித்தேன். பக்கத்துக்கு இரண்டு பொய்க்கண். தொட்டால் தலையைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கண்களால் முறைக்கும். சீந்தில் இலையைத் தவிர வேறு எதை வைத்தாலும் சீண்டாது. பூச்சியான பிறகு கொடியை மறந்து பழத்துக்குப் போய்விடும். அதன் உறிஞ்சுகுழல் நுனி சாத்துக்குடித் தோலையே துளைக்கும் என்றார் வாத்தியார். பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி என்று பெயர் எழுதிப் போட்டார். துளை ஊசிமுனை அளவுதான். அழுகல் அதன் வழியாக உள்ளே இறங்கும்.

ஒருநாள் புழு இரண்டு இலையை நூலால் சேர்த்துத் தைத்து உள்ளே அடங்கியது. இனி இரண்டு வாரம் என்றார். அதற்குள் எங்களுக்குச் சென்னைக்குக் கப்பல் கிடைத்துவிட்டது. 1964 மார்ச்சில் பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்டு எங்கள் கடையும் போனதிலிருந்து அப்பா அதற்குத்தான் காத்திருந்தார். புழு இருந்த புட்டியை வாத்தியார் மேசையில் வைத்தேன்.

“முகவரி அனுப்பு, வெளியே வந்ததும் எழுதுகிறேன்” என்றார்.

சென்னையில் முதலில் முகாம். அதை முகவரி என்று எழுத வெட்கம். வியாசர்பாடியில் வீடு கிடைத்தபோது, நம் பள்ளியும் 1965-இல் அரசு கைக்குப் போய்விட்டதே, கடிதம் யாரிடம் சேரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் ரங்கூனை விட்டு நகரவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

சாத்துக்குடி வாங்கும்போது இன்றும் ஊசித் துளை தேடுகிறேன். “ஐயா, பழம் பார்க்கிறீர்களா, வைரம் பார்க்கிறீர்களா?” என்கிறார் கடைக்காரர்.