ஐந்து டிகிரி பிடிபட்டது

என் மாருதி எஸ்டீம் கார் நேற்று நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டது! மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எரிபொருள் மேப்பில் (எந்தச் சுற்றில் எவ்வளவு எரிபொருள் என்று சொல்லும் அட்டவணை) செலவழித்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு கேம் டைமிங்கில், அதாவது கேம் தண்டு வால்வுகளைத் திறந்து மூடும் நேரத்தில் இருந்தது.

என்ஜின் 16 வால்வு ஜி13பிபி. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டை 0.9 மி.மீ. சீவி, பியூரெட் (அளவுக் குழாய்) வைத்து எரி அறையை அளந்து, கம்ப்ரஷன் விகிதத்தை 10.5க்கு ஏற்றியிருந்தேன். சிலிண்டர் ஒன்றுக்கு 324.7 சிசி என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்ச வேண்டியது 34.2 சிசி, நான்கிலும் அது சரியாகவே இருந்தது. ஆனாலும் கம்ப்ரஷன் கேஜ் 150 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை. 5,000 சுற்றுக்கு மேல் வண்டி பறக்கும், அதற்குக் கீழே உயிரே இருக்காது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழைய ஸ்பார்க் பிளக்கின் உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டு, நீளமான போல்ட் ஒன்றை முடுக்கி பிஸ்டனுக்குத் தடை செய்தேன். பிஸ்டன்களை இயக்கும் கிராங்குத் தண்டை ஒரு பக்கம் சுற்றினால் டிகிரி சக்கரத்தில் 38, மறுபக்கம் 44. முள்ளை 3 டிகிரி நகர்த்தி இரண்டு பக்கமும் 41 ஆக்கினால்தான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சப் புள்ளி. அடுத்து, இன்டேக் வால்வின் ரிடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மூடி) மேல், வால்வு எவ்வளவு அசைகிறது என்று காட்டும் டயல் கேஜ். வால்வு முழுக்கத் திறந்த உச்ச லிஃப்டில் முள் அசையாமல் நின்றுவிடும், அந்த இடத்தை நம்பக் கூடாது. உச்சத்துக்கு 0.25 மி.மீ. குறைவாக ஏறும்போது டிடிசிக்குப் பின் 86 டிகிரி, இறங்கும்போது 140, நடுவில் 113. கேமுடன் வந்த அளவு அட்டையில் இருப்பதோ 108. ஐந்து டிகிரி தாமதம்! கேமை அளக்கும்போது கிராங்கை என்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். பின்னால் சுற்றினால் பெல்ட்டின் தொய்வும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

ஹெட்டைச் சீவினால் கேம் கிராங்குக்கு அருகே இறங்குகிறது, டைமிங் பின்தங்குகிறது. 0.9 மி.மீ.க்கு ஏறக்குறைய 2 டிகிரி. மீதி 3 டிகிரி கேமை மறுபடி சாணை பிடித்த ரீகிரைண்டில் வந்திருக்க வேண்டும்.

டைமிங்கை நகர்த்தி முடுக்க நீள்துளை போட்ட கேம் புல்லியைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அந்த அண்ணன் ஆறு போல்ட் துளைகளையும் அவ்வளவு சுத்தமாக எடுத்துக் கொடுத்தார். 108க்குக் கொண்டுவந்து, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன்: 2.3 மி.மீ. போதும். கேஜ் இப்போது 175 காட்டுகிறது.

மேப்பை முதலிலிருந்து எழுத வேண்டும். முழுத் திராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 12.8 அருகே நிற்க வேண்டும், இப்போது எரிபொருள் கூடி 11.9இல் இருக்கிறது. அதற்குள் மனம் 4-2-1 எக்ஸாஸ்ட்டுக்கு (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) தாவிவிட்டது. குழாய் வளைவுகள் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்குமா என்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன். முழு வேகத்தைச் சாலையில் சோதிக்கமாட்டேன், அது செட்டிபாளையம் கரி பந்தய ஓடுதளத்தில் மட்டும்தான். அதற்கு முன் கேம் புல்லியின் ஆறு போல்ட்டுகளுக்கும் கழலாமல் பிடிக்கும் த்ரெட்லாக் பசை போட்டாக வேண்டும்.