ஸ்பிட்ஃபயரின் அடிப்புறம்

இரண்டாம் உலகப்போர்க்காலப் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் மாதிரியை 1/48 அளவில் செய்துவருகிறேன். அதன் மேற்புறத்துக்கு மண்பழுப்பும் கரும்பச்சையும் பூசியாயிற்று. அடிப்புறம்தான் ஒரு வாரமாக என்னை நிறுத்திவைத்திருக்கிறது. தரையில் இருப்போர் தம்முடைய விமானத்தை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகப் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிப்புறம் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. 1940 ஜூனில்தான் ‘ஸ்கை’ எனப்படும் வெளிர்பச்சைக்கு மாறினார்கள் என்பதால், எந்த மாதத்து விமானம் என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். நான் ஆகஸ்டைத் தேர்ந்தேன்.

உண்மையான விமானத்தின் 11.23 மீட்டர் இறக்கை விரிவு இங்கே 23.4 சென்டிமீட்டர். இடது இறக்கையின் கீழ் ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பானும் வலது இறக்கையின் கீழ் அகலமான ரேடியேட்டரும் இருக்க வேண்டும். கவிழ்த்துவைத்து வேலை செய்ததில் இடவலம் குழம்பி (இது எனக்கு இரண்டாம் முறை) மாற்றி ஒட்டிவிட்டேன். நேற்றிரவு இரண்டையும் கத்தியால் பெயர்த்தெடுத்தேன்.