எக்ஸ்பியை ‘ஒகாஎரி’ சொல்ல வைப்பது

விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியை, அனிமே பாத்திரத்தின் குரலில் ‘ஒகாஎரி’ (ஜப்பானியத்தில் ‘வந்துட்டீங்களா’ என்ற வரவேற்பு) சொல்ல வைக்கலாம். குரலைப் பொருத்த எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. சிஸ்டம் சத்தங்களை மாற்றும் வசதி கண்ட்ரோல் பேனலிலேயே இருக்கிறது. ஜப்பானில் இத்தகைய குரல் ஃபைல்களை ‘சிஸ்டம் வாய்ஸ்’ என்பார்கள். 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது, மடோபே நனாமி என்ற பாத்திரத்தின் குரலோடு ஓர் அல்டிமேட் தொகுப்பை 7,777 பிரதிகள் மட்டும் அங்கே விற்றார்கள். குரல் கொடுத்தவர் மிசுகி நனா.

முதல் சிக்கல், இறக்கிய குரல் ஃபைல்களின் ஜிப்பைப் பிரிக்கும்போதே வரும். ஜப்பானிய விண்டோஸில் கட்டிய பழைய ஜிப்களில் ஃபைல் பெயர்கள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் இருக்கும். நம் கணினியில் அவை கிறுக்கலாகத் தெரியும். ‘ஸோ’ என்ற ஜப்பானிய (கட்டகானா வகை) எழுத்தின் இரண்டாவது பைட்டும் பேக்ஸ்லாஷும் ஒரே எண் என்பதால், சில மென்பொருள்கள் பெயரை நடுவில் உடைத்து அதை ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். இதற்காக சிஸ்டம் லொக்கேலை, அதாவது விண்டோஸின் மொழி அமைப்பை, ஜப்பானியத்துக்கு மாற்றாதீர்கள். எக்ஸ்பியில் கிழக்காசிய மொழிக் கோப்புகள் மட்டும் 230 எம்பி கேட்கும். நிறுவல் சிடியும் வேண்டும். கெட்டது பெயர்தான், ஒலி அல்ல. ஜிப் பிரிக்கும் மென்பொருளான செவன்-ஸிப்பில் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, சாதாரண ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினால் போதும்.

அடுத்தது ஃபைலின் வடிவம். விண்டோஸ் சத்தங்களுக்கு வேவ் மட்டுமே செல்லும். எம்பி3-யின் கடைசி மூன்று எழுத்தை மாற்றி வைத்தால் சத்தமே வராது, அல்லது பழைய ‘டிங்’ வரும். வடிவம் மாற்ற ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் உதவும்; அதன் 2.0 வரிசை எக்ஸ்பியில் ஓடும். அதில் திறந்து, மோனோ ஆக்கி, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம் என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 88 கேபிதான் வரும். இப்போது கிடைக்கும் பல குரல்கள் 24 பிட்டிலோ 32 பிட் ஃப்ளோட்டிலோ இருக்கின்றன; அவற்றையும் 16-க்கு இறக்கிவிடுங்கள். உச்ச அளவை மைனஸ் 3 டெசிபலுக்கு நார்மலைஸ் செய்தால், ஒன்று கத்தி ஒன்று முணுமுணுக்கும் தொல்லை பெரிதும் குறையும்.

முன்னால் இருக்கும் மௌனத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எச்சரிக்கை சத்தங்களுக்கு அதை முழுக்க வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டி திறந்த பிறகு குரல் தாமதமாக வரும். லாகின் குரலுக்கு நேர்மாறு: தூங்கிக்கிடக்கும் சவுண்ட் சிப் விழிக்கும் நேரத்தில் முதல் அசை தொலைந்துபோகும். ‘ஒகாஎரி’ வெறும் ‘காஎரி’ ஆகிவிடும். அதற்கு 300 மில்லிசெகண்ட் மௌனம் விட்டு வையுங்கள்.

சொற்களையும் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள். ‘ஒகாஎரினசாய்’ வீடு திரும்பியவரை வீட்டிலிருப்பவர் வரவேற்கும் சொல். லாகினுக்கு அச்சாகப் பொருந்தும். ‘இத்தெராஷ்ஷாய்’ நம் ‘போய்ட்டு வாங்க’வேதான், அமைப்பிலும் கூட. வேலை முடித்து அணைக்கும்போது ‘ஒட்ஸுகரேசமா’ இன்னும் இதமாக இருக்கும். அணைக்கும் குரல் 2 நொடியைத் தாண்ட வேண்டாம்; நீண்டால் பாதியில் அறுபடலாம்.

சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்று போட்டு ஃபைல்களை அங்கே வையுங்கள். டவுன்லோட்ஸில் விட்டால் ஒருநாள் சுத்தம் செய்யும்போது குரலும் போய்விடும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட்ஸ் டேபைத் திறந்து, நிகழ்வைத் தேர்ந்து, பிரவுஸ் வழியாக ஃபைலைக் காட்டி, டெஸ்ட் செய்து பாருங்கள். ஏழெட்டு நிகழ்வுகள் தாராளம். ‘ஸ்டார்ட் நேவிகேஷன்’ பக்கம் போகவே வேண்டாம்: ஒவ்வொரு ஃபோல்டர் திறக்கும்போதும் பேசினால் எவ்வளவு பிடித்த குரலும் ஒரே நாளில் சலித்துவிடும்.

முடித்ததும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஸ்கீமுக்கு, அதாவது இந்தச் சத்தத் தொகுப்புக்கு, பெயர் வையுங்கள். விண்டோஸ் 7-ல் இதை விட்டால், வால்பேப்பருக்காக வேறு தீம் தட்டியதும் எல்லாக் குரலும் மறைந்துவிடும். அந்த 7-ன் தொடக்க இசை மட்டும் இந்தப் பட்டியலில் வராது. அது இமேஜ்ரெஸ் என்ற டிஎல்எல் கோப்புக்குள், அதாவது விண்டோஸின் சொந்த சிஸ்டம் கோப்புக்குள், இருக்கிறது. அதைத் திறந்து திருத்துவதைவிட, சவுண்ட்ஸ் டேபின் அடியில் இருக்கும் டிக்கை எடுத்து அதை நிறுத்திவிட்டு, ‘விண்டோஸ் லாகான்’ நிகழ்வில் உங்கள் குரலைப் போடுவதே பத்திரமான வழி.