சருகுக் கும்பிடுபூச்சியோடு சில வாரங்கள்

ஜூன் 4

கும்பிடுபூச்சி என்றதும் பச்சையாக, ஒல்லியாக ஒன்று நினைவுக்கு வரும். இது வேறு ரகம். டெரோப்ளாட்டிஸ் டெசிகாட்டா: மலேசிய, இந்தோனேசிய மழைக்காடுகளில் சருகோடு சருகாக வாழும் இனம். 1839-இல் வெஸ்ட்வுட் என்பவர் அறிவியலுக்கு விவரித்தார். என்னிடம் இருப்பதற்கு இன்னும் இறக்கை வரவில்லை. உயரமான வலைக்கூண்டு, அடியில் காய்ந்த இலைகள், குறுக்கே நாலைந்து குச்சிகள். தண்ணீர் தெளித்தேன், வலையில் நின்ற துளியில் வாய் வைத்துக் குடித்தது.

ஜூன் 9

வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் கண்டங்களை எண்ணினேன். ஆறு. அப்படியானால் பெண், ஆணுக்கு எட்டு தெரியும்.

பூதக்கண்ணாடி வைத்துக் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் அகலமாக விரிந்த தகடு. ஓரம் சீராக இல்லை. புழு அரித்த இலை விளிம்பு மாதிரியே அங்கங்கே குறைந்திருக்கிறது. மேலே நரம்பு போன்ற கோடுகள், பூஞ்சணம் பிடித்தது போல வெளிறிய திட்டுகள். ஒரே கூட்டில் பொரித்தவற்றில்கூட ஒன்று கருகிய பழுப்பாகவும் இன்னொன்று மங்கலான வைக்கோல் நிறத்திலும் இருக்கும். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் ஒன்றைக் கண்டுபிடித்த பறவை மற்றதையும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுமே!

ஜூன் 16

கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்தது. குச்சியில் தொங்கிய சருகுகள் ஆடின. கூடவே இவளும் ஆடினாள். காற்று நின்ற பிறகு இன்னும் இரண்டு ஆட்டம், அப்புறம் அசைவே இல்லை. உருவம் பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி நடத்தையில் இருக்கிறது என்பது என் கட்சி. சருகு போலவே இருந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தால் யாரை ஏமாற்ற முடியும்?

ஈ ஒன்று வலையில் வந்து உட்கார்ந்தது. தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. முன்னங்கால் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத வேலை அது. இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தைக் கணிக்கும் திறமை பூச்சிகளில் இதற்கு உண்டு. கண்முன் முப்பட்டகங்களைப் பொருத்தி 1983-இல் ரோசல் என்ற ஆய்வாளர் இதை நிரூபித்தார்.

கண்ணில் தெரியும் கரும்புள்ளி நான் எங்கே போனாலும் என் பக்கமே வருகிறது. அது கண்மணி அல்ல. நம்மை நேராகப் பார்க்கும் நுண்கண்கள் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

ஜூன் 24

சாப்பிடவில்லை. முதுகில் இறக்கை மொட்டுகள் உப்பியிருக்கின்றன. மிச்ச ஈக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன்; தோலுரிக்கும் நேரத்தில் ஓர் ஈ இடறினாலும் ஆபத்து.

ஜூன் 26

கடைசித் தோலுரிப்பு! தலைகீழாகத் தொங்கினாள். கேடயத்தின் நடுவில் தோல் பிளந்தது, தலை வந்தது, பிறகு முன்னங்கால்கள் ஒவ்வொன்றாக. கால்களை முழுசாக உருவியதும் தொங்கியபடியே நெடுநேரம் கிடந்தாள். பிறகு மடங்கித் திரும்பித் தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். கசங்கிய இறக்கைகளில் உடல் திரவம் ஏற ஏற அவை நீண்டு விரிந்தன. கடைசியில் நடுநரம்போடு ஒரு முழு இலை. இறங்குவதற்கு உயரம் இல்லாமல் போனால் கால் கோணிவிடும், இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும். இனிமேல் தோலுரிப்பு கிடையாது என்பதால் அதைச் சரிசெய்யவும் வழியில்லை. உயரமான கூண்டு வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஜூலை 5

கூண்டைச் சுத்தம் செய்ய இடம் மாற்றினேன். முதலில் பொத்தென்று விழுந்து, கால்களை ஒடுக்கிக்கொண்டு செத்ததுபோலக் கிடந்தாள். சருகுக் குவியலில் எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டியதாயிற்று. மறுபடி தொட்டபோது சட்டென்று இறக்கைகளைத் தூக்கி விரித்தாள். வெளியே மங்கல் பழுப்பு. உள்ளே கருமையும் கண் போன்ற புள்ளியும். ஒரு பல்லியோ குருவியோ திகைத்துப் பின்வாங்கும் அந்த ஒரு நொடி இவளுக்குத் தப்பிக்கப் போதும்.

ஜூலை 13

ஆண் பக்கத்துக் கூண்டில் தயாராக இருக்கிறான். ஒடிசலான உடம்பு, குறுகிய கேடயம், நீண்ட உணர்கொம்புகள். இப்போதே சேர்த்தால் அவனை இவள் தின்றுவிடக்கூடும். பெண் முதிர இன்னும் சில வாரம் வேண்டும். அதுவரை அவளுக்கு வயிறு நிறையத் தீனி. இரண்டு கூண்டுக்கும் நடுவே ஓர் அட்டையை வைத்திருக்கிறேன்.