மூணு வட்டி

"மூணு வட்டிதானே தம்பி? வருஷத்துக்கு முப்பத்தாறு. சரியா?"

காலையில் பூக்கார அக்கா கேட்டார். கையில் கிழித்த காலண்டர் தாள். அதன் பின்பக்கம் பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு 3.

மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். மாசாமாசம் கட்டிவிட்டால் வருடத்துக்கு 36தான். அக்கா மூன்று மாதமாகக் கட்டவில்லை. கட்டாத வட்டியை அசலில் ஏற்றிவிட்டார்கள்.

அதே தாளில் போட்டுக் காட்டினேன். நூறு ரூபாய், முதல் மாதம் 103. அடுத்த மாத வட்டி நூறுக்கு இல்லை, 103க்கு. ஆக 106.09.

அந்த ஒன்பது பைசா மேல் அக்காவின் விரல் நின்றுவிட்டது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

வட்டிக்கு வட்டி, அக்கா.

மாதம் ஒவ்வொன்றும் கடனை 1.03 மடங்காக்குகிறது. பன்னிரண்டு 1.03-ஐ வரிசையாக எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 1.4258. அதில் ஒன்றைக் கழித்தால் வருட வட்டி: 42.58 சதவீதம். 36 இல்லை. இப்படியே விட்டால் இரண்டே வருடத்தில் நூறு ரூபாய் 203 ஆகிவிடும்.

பத்து வட்டிக்கும் இதே கணக்குதான். வருடத்துக்கு 120 சதவீதம் என்று நினைப்போம். கட்டாமல் விட்டால் 213.84 சதவீதம்!

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டிக் கணக்கு போட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். மூணு வட்டி, பத்து வட்டி என்று தெருவில் தினம் கேட்கிற பேச்சும் அதே கணக்குதான் என்று அன்று யாரும் சொல்லித்தரவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. அக்காவுக்கு அதுவும் இன்றுதான் தெரியும்.

தாளை நாலாக மடித்து சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வட்டிக்காரர் வருவார். நீயும் கொஞ்சம் கூட நில்லு தம்பி."

ஐந்து மணிக்குப் போகிறேன்.