ஜெய்சால்மர் கோட்டைக்குள்ள ஒரு நாள்

கோட்டைன்னா சாயங்காலம் விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்கன்னு தான நினைப்போம், ராஜஸ்தான் ஜெய்சால்மர்ல அந்தக் கதையே கிடையாது, 1156ல ராவல் ஜைசல்ங்குற ராஜா கட்ட ஆரம்பிச்ச கோட்டைக்குள்ள இன்னைக்கும் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்காங்க. நாலு வாசல் தாண்டி ஏறுனா தசரா சௌக்னு ஒரு சதுக்கம், அங்கருந்து பிரியுற சந்துல ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டிக்கணும், இதுல பைக் வேற ஹாரன் அடிச்சுட்டு வரும், பின்னாடியே மாடும் வரும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது வீட்டுச் சுவருங்க தான். கல்யாணம் நடந்த வீட்டு வாசல் பக்கத்துல பிள்ளையார் படம் வரைஞ்சு மாப்பிள்ளை பொண்ணு பேரு, தேதி எல்லாம் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க. பத்திரிகையே சுவத்துல! பழசெல்லாம் வெயில்ல மங்கிப்போனாலும் யாரும் அழிக்கல.

ஜெயின் கோயிலுக்கு காலையிலயே போயிடுங்க. மஞ்சள் மணற்கல்லுல அவ்ளோ நுணுக்கமான வேலை, கழுத்து வலிக்குற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டே நின்னேன். மதில் மேல உருண்டை உருண்டையா கல்லு வேற, எதிரி ஏறி வந்தா தள்ளி விடுறதுக்காம்.

ஒண்ணு தான் உறுத்துச்சு. பாலைவனக் கோட்டைக்கு தண்ணி தான் இப்ப வில்லன். குழாய் வந்தப்புறம் வீடு, ஓட்டல்னு கொட்டுற தண்ணி அடியில இறங்கி மண்ணை இளக்கி, கொத்தளம் சிலது இடிஞ்சே விழுந்திருக்கு. அதனால ரூம் கீழ டவுன்லயே போட்டேன், கேர் சாங்ரிங்குற பாலைவனக் காய்க் கறியும் பஜ்ரா (கம்பு) ரொட்டியும் அங்கயே நல்லா கிடைக்குது.